மறைத்த காய்ச்சல்

வில்மாவின் சைக்கிள் வாசலில் வந்து நிற்பதற்குள் மாத்திரை வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும். இந்த வித்தை மிர்தேவுக்கு இரண்டே நாளில் கைவந்துவிட்டது. பிரசவமான வீட்டுக்குத் தினமும் காலையில் வந்து தாயையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்ளும் செவிலி வில்மா. உள்ளே நுழைந்து கை கழுவியதும் முதல் வேலையாகத் தெர்மாமீட்டரைத்தான் கையில் எடுப்பார். அதற்குள் பாராசிட்டமால் கரைந்து காய்ச்சலை அமுக்கியிருந்தால் அன்றைக்குப் பிழைத்தாள்.

ஏமாற்ற வேண்டும் என்று ஆரம்பித்ததல்ல அது. பிள்ளை வெளியே வரும்போது கிழிந்த இடத்தில் தையல் போட்டிருந்தார்கள். வலி முற்றும்வரை காத்திருக்காதே, வேளை தவறாமல் மாத்திரை போடு என்று மருத்துவமனையிலேயே சொல்லித்தான் அனுப்பினார்கள். அவளும் ஒழுங்காகப் போட்டாள். உட்காரும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். சிறுநீர் கழிக்கும்போது எரியாமலிருக்கக் குவளையில் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனாள். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகு ஒரு மாலை அவளுக்குக் குளிர் எடுத்தது. பல் கிட்டித்து, கட்டிலே ஆடுகிற அளவுக்கு நடுக்கம். அவள் கணவன் ஸ்டைன் ஓடிவந்து போர்வைமேல் போர்வையாகப் போர்த்தினான்.

"என்ன ஆச்சு?"

"பால் கட்டுது போல. எல்லாருக்கும் இப்படித்தான் வருமாம்."

அவன் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கீழே போய் வெந்நீர்ப் பை கொண்டுவந்து கொடுத்தான். அவன் போனதும் அவள் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு காய்ச்சலை அளந்தாள். முப்பத்தொன்பதைத் தாண்டியிருந்தது. அடிவயிற்றில், பழைய தழும்புக்குச் சற்று மேலே, விரல் வைத்தாலே உயிர் போகிற மாதிரி வலித்தது. இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டாள். வேர்த்துக் கொட்டியது. மறுநாள் காலை வில்மா பார்த்தபோது காய்ச்சல் இல்லை.

"அருமை," என்றார் வில்மா.

அந்த ஒரு சொல்லோடு விஷயம் முடிந்துபோனது. அன்றிலிருந்து மிர்தே தெரிந்தேதான் செய்தாள்.

ஏன் செய்தாள் என்று கேட்டால், மூத்தவள் லோட்டே பிறந்த கதையிலிருந்து சொல்ல வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால், வலி வந்து, நாள் கடந்து, பிள்ளையின் நாடித் துடிப்பு இறங்கவும், அவசர அவசரமாக மயக்க மருந்து கொடுத்து வயிற்றைக் கீறி எடுத்தார்கள். மிர்தே கண் விழித்தபோது யாரோ துணியில் சுற்றிய ஒன்றை நீட்டி, "உங்க பொண்ணு," என்றார்கள். அவளும் வாங்கிக்கொண்டாள். "யாரு பிள்ளையக் குடுத்திருந்தாலும் அப்படியேதான் வாங்கியிருப்பேன்," என்று பிற்பாடு ஸ்டைனிடம் சொன்னாள். அவன் சிரித்தான். அவள் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

அவனுக்கோ அந்த நாள் வேறு மாதிரி. அறுவை அறைக்கு வெளியே கையில் பிள்ளையோடு நின்றவனிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கதவு திறக்கும், மூடும். யாரோ இரத்தப் பையோடு உள்ளே ஓடினார்கள். இந்தப் பிள்ளையை நான் ஒருவனாக வளர்க்கப்போகிறேன் என்று அவன் முடிவே கட்டிவிட்டான். பிறகு அவளுக்குக் காயம் சீழ் பிடித்துப் பல வாரம் படுக்கையில் கிடந்தது வேறு.

அதனால் இரண்டாவது உண்டானபோது அவன் சொன்னதெல்லாம் ஒன்றுதான். "நாள் குறிச்சு ஆபரேஷன் பண்ணிக்கலாம், மிர்தே. அவசரத்துல பண்றது வேற, நிதானமாப் பண்றது வேற."

"நான் பெத்துக்கப் போறேன். முழிச்சிட்டிருந்து."

டாக்டர் இரண்டுக்கும் வழி உண்டு என்றார். பழைய தழும்பு வலியின்போது பிரியலாம், ஆனால் அபூர்வம் என்றார். அபூர்வம் என்ற சொல் அவள் காதில் விழுந்தது. பிரியலாம் என்ற சொல் அவன் காதில். மாதக்கணக்கில் சண்டை போட்டார்கள். அவர்கள் ஊரான மெடெம்ப்ளிக்கின் துறைமுகத்துப் படகுப் பட்டறையில் அவனோடு வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் தெரிகிற அளவுக்குச் சண்டை.

கடைசியில் காஸ்பர் அவள் நினைத்தபடியே பிறந்தான். தலை வெளியே வந்ததும் அவளே கையை நீட்டி அவனைத் தன் மார்பின்மேல் இழுத்துப் போட்டுக்கொண்டாள். வழவழவென்று, சூடாக, கத்திக்கொண்டு. இவன் யாரென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஸ்டைன் சத்தம்போட்டு அழுதான். அழுதுகொண்டே, அங்கிருந்த எல்லார் முன்னாலும், "நீ சொன்னதுதான் சரி. நான்தான் பயந்தாங்கொள்ளி," என்றான்.

அந்தச் சொல்லை அவள் வீட்டுக்கு எடுத்துவந்தாள். தனியாக இருக்கும்போதெல்லாம் எடுத்துப் பார்த்துக்கொண்டாள். இப்போது அடிவயிற்றில் ஏதோ கெட்டுக்கொண்டிருக்கிறது என்று சொன்னால், அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

சனிக்கிழமை காலை வில்மா வழக்கம்போலக் கட்டிலருகே வந்தார். அவர் முதுகு வளைக்காமல் வேலை செய்வதற்காகக் கட்டிலின் கால்களுக்குக் கீழே கட்டை வைத்து உயர்த்தியிருந்தது. காய்ச்சல் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மணிக்கட்டைப் பிடித்தார்.

"நாடி என்ன இவ்வளவு வேகமா ஓடுது?"

"இப்பதான் மாடி ஏறி வந்தேன்."

"படியேற வேணாம்னு சொன்னேன்ல? சொன்ன பேச்சக் கேக்குற பொண்ணு ஒண்ணாவது இந்த ஊர்ல உண்டா?" என்று திட்டிக்கொண்டே வயிற்றில் கை வைத்தார். "வலிச்சா சொல்லு."

மிர்தே கன்னத்தின் உட்சதையைக் கடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது.

"உங்க கை ஐஸ் மாதிரி இருக்கு, வில்மா!"

"பிப்ரவரி மாசம் கடல் காத்துல சைக்கிள் மிதிச்சுட்டு வந்தவ கை அடுப்புல சுட்ட ரொட்டி மாதிரியா இருக்கும்?" விரல்கள் இன்னொரு முறை அழுத்தின. நின்றன. "கர்ப்பப்பை இன்னும் கொஞ்சம் மேலயே நிக்குதே, கண்ணு. இந்நேரம் இறங்கியிருக்கணும். திங்கக்கிழமை மருத்துவச்சி வருவாங்க இல்ல, அவங்களப் பாக்கச் சொல்றேன். இரத்தப்போக்கு எப்படி? நாத்தம் எதாவது?"

"இல்ல. கம்மியாயிட்டு வருது."

பாதி உண்மை அது. குறைந்துதான் இருந்தது. நாற்றம் இருந்தது. துணிப்பட்டைகளை அவளே சுருட்டி, இரட்டைப் பைக்குள் போட்டுக் கட்டி, கீழே குப்பைத் தொட்டிவரை தானே கொண்டுபோய்ப் போட்டாள். ஜன்னலை எப்போதும் ஒரு விரற்கடை திறந்தே வைத்திருந்தாள். வில்மா மூக்கை ஒரு கணம் சுருக்கியதை அவள் பார்த்தாள். பிறகு அவர் பிள்ளையின் அழுக்குத் துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு கீழே போனார்.

திங்கட்கிழமை. அதற்குள் தானாகச் சரியாகிவிடும் என்று மிர்தே தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சரியாகாவிட்டால் என்ன செய்வது என்ற இடத்துக்கு நினைப்பைப் போகவிடவில்லை.

வில்மா கிளம்பிப்போனபின் மத்தியானம் பிள்ளை பார்க்க ஆட்கள் வந்தார்கள். பட்டறையிலிருந்து ஸ்டைனின் கூட்டாளிகள் இரண்டு பேர், அப்புறம் அவன் தங்கை நீன்கே. நீன்கேவுக்கு ஐந்தாம் மாதம். அவளுக்கும் முதல் பிள்ளை ஆபரேஷன்தான். லோட்டேயைப் பக்கத்து வீட்டில் விளையாட விட்டிருந்தது. ஸ்டைன் ரஸ்க்கில் வெண்ணெய் தடவி, ஆண்பிள்ளை பிறந்ததற்கான நீலமும் வெள்ளையுமான சோம்பு மிட்டாயைத் தூவித் தட்டுத் தட்டாக நீட்டினான். மிட்டாய் தரையெல்லாம் உருண்டோடியது.

"ஒரு வாரத்துல இவ கீழ இறங்கி வந்து விருந்தாளிய உபசரிக்கிறா, பாருங்க," என்றான் கூட்டாளிகளிடம். அவன் குரலில் பெருமை வழிந்தது. "நான் விரல்ல உளி பட்டதுக்கே மூணு நாள் லீவு போட்டவன்."

"மூணு நாளும் எங்களுக்கு நிம்மதியா இருந்துச்சு," என்றான் ஒருவன்.

நீன்கே ரஸ்க்கை நொறுக்கிக்கொண்டே மிர்தேவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "நேத்து டாக்டரம்மாகிட்டச் சொல்லிட்டேன், எனக்கும் ஆபரேஷன் வேணாம்னு. அவங்க யோசிச்சுச் சொல்லுன்னாங்க. என்னத்த யோசிக்கிறது? எங்க அண்ணி பெத்துட்டு எந்திரிச்சு நடமாடுறா, நான் மட்டும் என்ன களிமண்ணான்னு கேட்டுட்டேன்."

மிர்தேவின் முதுகில் குளிர் ஓடியது. அது காய்ச்சலா பயமா என்று அவளுக்குப் பிரித்தறியத் தெரியவில்லை.

"நீன்கே, உங்கிட்ட ஒண்ணு..."

"ஸ்டைன், காப்பி இருக்கா?" என்று எதிரே இருந்தவன் கோப்பையைத் தூக்கினான். நீன்கே எழுந்து கெட்டிலை எடுக்கப் போனாள்.

அப்போதுதான் அடிவயிற்றை யாரோ பிடித்து முறுக்கியது போல ஒரு வலி. இடுப்புக்குக் கீழே வெதுவெதுப்பாக ஏதோ நழுவியது. மிர்தே எழுந்தாள். கீழேயும் கழிவறை இருந்தது, ஆனால் அது வரவேற்பறையை ஒட்டியே இருந்தது. இருமினால்கூடக் கேட்கும். அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஏணி மாதிரி நெட்டுக்குத்தாக ஏறும் அந்த மாடிப்படியில் ஒவ்வொரு படியாக ஏறினாள். யாரும் கவனிக்கவில்லை.

குளியலறைக் கதவைத் தாழிட்டுத் திரும்புவதற்குள் கொட்டிவிட்டது. கல்லீரல் துண்டு போல ஒரு கட்டி தரையில் விழுந்தது. அதன் பின்னால் இரத்தம், திறந்துவிட்ட குழாய் மாதிரி, கால் வழியாக, செருப்புக்குள், வெள்ளை ஓடுகளின் இடுக்குகளில்.

அவள் செய்த முதல் காரியம் தரையைத் துடைத்தது. துண்டை எடுத்தாள், மண்டியிட்டாள், துடைத்தாள். துடைத்த இடம் மறுபடி சிவந்தது. இன்னொரு துண்டு. கீழே எல்லாரும் கூட்டமாகச் சிரித்தார்கள். காதுக்குள் 'ஞொய்' என்று ஒரு சத்தம் தொடங்கியது. சுவரிலிருந்த ஓடுகள் மெல்ல வெளுத்துக்கொண்டே போயின.

கதவு தட்டப்பட்டது.

"மிர்தே? உன் ராஜா பசியில கத்துறார். இந்தா, நானே தூக்கிட்டு வந்துட்டேன். எங்க அண்ணன் சமாதானப்படுத்துற லட்சணத்த நீ பாக்கணுமே," என்று கதவுக்கு வெளியே நீன்கேவின் குரல். காஸ்பரின் அழுகை.

இரண்டு நிமிடம் என்று சொன்னால் போதும். நீன்கே போய்விடுவாள். துண்டுகளைக் குளியல் தொட்டிக்குள் போட்டு மூடிவிடலாம். மிர்தே வாயைத் திறந்தாள். "இதோ" என்று சொல்ல நினைத்தாள். சொல் வரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு வாங்க மாடி ஏறி வந்து நிற்கும் அந்த வயிற்றுப் பிள்ளைக்காரி, தன்னைப் பார்த்துத்தான் முடிவெடுத்தாள் என்பது மட்டும் மண்டையில் ஆணி அடித்தது போல நின்றது. உட்கார்ந்த வாக்கிலேயே நகர்ந்து, கையை உயர்த்தித் தாழ்ப்பாளை இழுத்தாள்.

நீன்கே கதவைத் தள்ளினாள். பார்த்தாள்.

"கடவுளே."

"ஸ்டைன்கிட்டச் சொல்லாத. கொஞ்சம் துடைச்சுட்டா..."

"பைத்தியமா நீ?" நீன்கே பிள்ளையை நடையில் கிடந்த விரிப்பின்மேல் படுக்கவைத்துவிட்டு, படிக்கட்டுப் பக்கம் திரும்பி வீடே அதிரக் கத்தினாள். "ஸ்டைன்! ஆம்புலன்ஸ்! இப்பவே!"

பிறகு உள்ளே வந்து மிர்தேவை மல்லாக்கப் படுக்கவைத்து, கால்களைத் தூக்கிக் குளியல் தொட்டியின் விளிம்பில் வைத்தாள். தன் மேல்சட்டையைக் கழற்றி அவள்மேல் போர்த்தினாள். "கண்ண மூடாத. என்னப் பாரு. ஏய், என்னப் பாருடி."

ஆம்புலன்ஸில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் வந்தார்கள். அந்தப் பெண் கையில் ஊசி ஏற்றிவிட்டு, மிர்தேவின் அடிவயிற்றை முஷ்டியால் அழுத்திப் பிசைந்தாள். மிர்தே கத்தினாள். ஒரு வாரமாக அடக்கிவைத்திருந்த கத்தல் அது.

"தெரியுதும்மா, தெரியுது. பிசையாம விட்டா நிக்காது. முந்தைய பிரசவம் எப்படி?"

"ஆபரேஷன்," என்றான் வாசலில் நின்ற ஸ்டைன். அவன் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. "இது சாதாரணமாப் பொறந்துச்சு."

"இந்த வாரத்துல காய்ச்சல் இருந்துச்சா?"

"இல்ல. தினமும் நர்ஸ் வந்து பாத்தாங்க. ஒரு நாள்கூட இல்ல."

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு அடுத்ததைக் கேட்கப் போனாள்.

"இருந்துச்சு," என்றாள் மிர்தே.

அறையில் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"பால் கட்டுச்சுன்னு சொன்னேன்ல, அன்னிலேர்ந்து. மாத்திரை போட்டு மறைச்சேன். நாத்தமும் இருக்கு. தழும்புக்கு மேல வலி."

ஸ்டைன் கதவு நிலையைப் பற்றிக்கொண்டான். அந்தப் பெண் அவளைத் திட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. தோளில் மாட்டியிருந்த கருவியில் வேகமாகப் பேசினாள்: இரத்தப்போக்கு, கிருமி தொற்றியிருக்கலாம், பழைய தழும்பு இருக்கிறது, அறுவை அறையைத் தயாராக வையுங்கள்.

அவள் கூட வந்தவன் படிக்கட்டை எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "இதுல இறக்க முடியாது. உக்கார வெச்சா மயங்கிடுவாங்க, படுக்க வெச்சா ஸ்ட்ரெச்சர் படியில திரும்பாது. தீயணைப்பு வண்டியக் கூப்பிடறேன்."

பட்டறைக் கூட்டாளிகள் இருவரும் மேலே வந்தார்கள். படுக்கையறையில் கட்டிலை நகர்த்தி, திரைச்சீலையைக் கம்பியோடு பிடுங்கி, ஜன்னல் கதவை அச்சோடு கழற்றி எடுத்தார்கள். தெருவில் வண்டி வந்து நிற்க, அதன் இரும்புக் கை மேலே நீண்டு ஜன்னலோரம் ஒட்டியது. மிர்தேவைப் போர்வையில் சுற்றிப் பட்டை போட்டுக் கட்டி வெளியே தள்ளினார்கள். கடற்காற்று முகத்தில் அறைந்தது. கீழே தெருவே திரண்டு நின்றது. பக்கத்து வீட்டுக்காரி இடுப்பில் லோட்டே.

"அம்மா பறக்குறா!" என்று அந்தப் பிள்ளை கை தட்டியது.

மிர்தே கை அசைக்கப் பார்த்தாள். கை பட்டைக்குள் இருந்தது.

மருத்துவமனையில் கைப்பர்ஸ் என்ற டாக்டரம்மா அவள் படுக்கையோடு கூடவே ஓடிக்கொண்டு பேசினாள். நச்சுக்கொடியின் ஒரு துண்டு உள்ளேயே தங்கிக் கெட்டுப்போயிருக்கிறது. கீழ் வழியாகவே எடுக்கப் பார்ப்போம். தழும்பு பிரிந்திருந்தாலோ இரத்தம் நிற்காவிட்டாலோ வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும். எதற்குமே அடங்காவிட்டால் கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வரலாம். "புரியுதா? சம்மதமா?"

மிர்தே தலையாட்டினாள். மறுபடி மயக்க மருந்து, மறுபடி மூடிய கதவு, வெளியே மறுபடி ஸ்டைன். எதிலிருந்தெல்லாம் தப்பித்தோம் என்று நினைத்தாளோ அவையெல்லாம் வரிசையாக வந்து நின்றன.

கதவருகே படுக்கை நின்றது. ஸ்டைன் குனிந்தான். திட்டுவான் என்று நினைத்தாள்.

"திரும்பி வா," என்றான். "சண்டைய அப்புறம் போட்டுக்கலாம். திரும்பி மட்டும் வா."

கண் விழித்ததும் அவள் கை தானாக அடிவயிற்றுக்குப் போனது. புதிதாகக் கட்டு எதுவும் இல்லை. பழைய தழும்பு மட்டும், மேடாக, மரத்துப்போய். பக்கத்து நாற்காலியில் ஸ்டைன், மடியில் காஸ்பர், புட்டிப்பால். ஜன்னலில் நல்ல வெயில்.

கைப்பர்ஸ் வந்து சொன்னாள்: கர்ப்பப்பை தப்பித்தது. தழும்பு பிரியவில்லை. துண்டு ஒட்டிக்கொண்டிருந்த இடம் அந்தத் தழும்புதான். இரத்தம் ஏற்றியிருக்கிறது. கிருமி மருந்து இன்னும் சில நாள் நரம்பு வழியாகப் போகும்.

ஸ்டைன் தொண்டையைச் செருமினான். "நாள் குறிச்சு ஆபரேஷன் பண்ணியிருந்தா இது வந்திருக்காது, இல்லையா?"

மிர்தே கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்பவும் அது அங்கதான் ஒட்டியிருக்கும்," என்றாள் டாக்டர். "கண்ணால பாத்து எடுத்திருக்கலாம். எடுக்கும்போது இதைவிட அதிகமா இரத்தம் போயிருக்கவும் செய்யலாம். எனக்குத் தெரியாது. தெரியும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஆனா ஒண்ணு தெரியும். காய்ச்சல் வந்த அன்னிக்கே வந்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காது."

டாக்டர் போனபின் ஸ்டைன் காஸ்பரின் வாயில் புட்டியைச் சரிசெய்தான்.

"எம்மேல உனக்கு அவ்வளவு பயமா?" என்றான் ஸ்டைன்.

"பயமில்ல."

"பின்ன?"

"நான் சொன்னதுதான் சரின்னு சொன்னியே, எல்லார் முன்னாடியும். அத உங்கிட்டத் திருப்பிக் குடுக்க மனசு வரல."

"நான் என்ன ரசீது போட்டா குடுத்தேன், திருப்பி வாங்க?" அவன் குரல் உடைந்து ஏறியது. பிள்ளை திடுக்கிட்டது. அவன் குரலைத் தாழ்த்தினான். "செத்துப்போயிருப்ப, மிர்தே. நான் ரஸ்க்கு தடவிட்டிருக்கேன், நீ மேல செத்துப்போயிருப்ப. ஜோக்கு சொல்லிட்டிருந்தேன் நான்."

அவள் அழுதாள். அவன் தடுக்கவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்தான்.

"நானும் ஒண்ணு சொல்லிடறேன். அன்னிக்கு நடுங்கினியே, அப்பவே எனக்கு உறுத்துச்சு. லோட்டே பொறந்தப்போ பால் கட்டினதுக்கு நீ இப்படி நடுங்கலயேன்னு. கேக்கல. கேட்டா, ஆரம்பிச்சுட்டான் மறுபடின்னு நெனப்ப. ஒரு வாரமாவது நிம்மதியா இருப்போம்னு வாய மூடிட்டேன்."

"கேட்டிருந்தாலும் பொய்தான் சொல்லியிருப்பேன்."

"தெரியும். அதான் இன்னும் கோவமா வருது." அவன் உட்கார்ந்தான். "எனக்குக் கோவம் போகல. இப்பவே சொல்லிட்டேன்."

"போக வேணாம். இங்கயே உக்காந்து கோவப்படு."

அவன் அப்படியே செய்தான்.

வீட்டுக்கு வந்தபோது கட்டிலைக் கீழே வரவேற்பறையில் போட்டிருந்தார்கள். வில்மா வழக்கத்தைவிடக் கூடுதல் நாட்கள் வருவதற்கு ஏற்பாடாகியிருந்தது. முதல் நாள் அவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. மாத்திரை அட்டையை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இனிமே இது எங்கிட்ட இருக்கும். வலிச்சா எங்கிட்டக் கேளு. இல்லன்னா உன் புருஷன்கிட்டக் கேளு."

"வில்மா, மன்னிச்சுக்கங்க."

"எனக்கு அந்த வாசம் அடிச்சுது," என்றார் வில்மா. திரும்பிப் பார்க்காமல் தலையணை உறையை உதறிக்கொண்டே பேசினார். "பிள்ளையோட துணிக்கூடைன்னு நெனச்சேன். வயித்துல கை வெச்சதும் போன் பண்ணியிருக்கணும். என் கை ஐஸ் மாதிரி இருக்குன்னு நீ சொன்னதுல ஏமாந்துட்டேன். உம்மேல பாதிக் கோவம், எம்மேல பாதி. அதனால இன்னிக்கு அதிகமாப் பேச மாட்டேன். ஒருக்களிச்சுப் படு, தையலப் பாக்கணும்."

பேச மாட்டேன் என்றவர் பத்து நிமிடத்தில் தையல் போட்டவரின் கைவேலையைப் பற்றி விமரிசனம் செய்ய ஆரம்பித்துவிட்டார்.

உடம்பு தேறுவது நேர்கோட்டில் போகவில்லை. ஒரு நாள் சமையலறைவரை நடந்தாள். மறுநாள் எழவே முடியவில்லை. இரத்தம் குறைந்து முகம் காகிதம் போல இருந்தது. பால் வற்றி, கொஞ்சம் திரும்பி வந்து, பாதி புட்டி பாதி மார்பு என்று ஒரு வழியாக நின்றது. தையல் ஆறினபின்னும் இருமினால் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் போனது. அதற்கென்று ஒரு பெண்ணிடம் பயிற்சிக்குப் போனாள். ஏப்ரல் வரைக்கும் சைக்கிள் சீட்டில் உட்கார முடியவில்லை. இப்போதெல்லாம் வலித்தால் வலிக்கிறது என்றாள். ஸ்டைனுக்கு அதைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் முகம் மாறும். ஆனாலும் கேட்டான்.

நீன்கே இரண்டு வாரம் வரவில்லை. வந்தபோது நேராகக் கேட்டாள். "நான் என்ன பண்ணட்டும்?"

"தெரியாது."

"நீ சொன்னா நான் கேப்பேன்."

"அதனாலதான் சொல்ல மாட்டேன். நடந்தத வேணா சொல்றேன்." காஸ்பரை இழுத்து மார்பில் போட்டுக்கொண்ட அந்த நிமிடத்தைச் சொன்னாள். கிழிந்ததைச் சொன்னாள். தரையைத் துடைத்ததைச் சொன்னாள். "பெத்ததுக்கு நான் வருத்தப்படல, நீன்கே. மறைச்சதுக்குத்தான். ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்காத."

நீன்கே தன் வயிற்றைத் தடவிக்கொண்டாள். "நான் ஆபரேஷன்தான் பண்ணிக்கப்போறேன். அந்த பாத்ரூம் தரை கண்ண மூடினா வருது. என்னால முடியாது. கோவமா?"

மிர்தேவுக்குச் சுருக்கென்றது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். "கொஞ்சம். போயிடும்."

ஜூன் மாதம் நீன்கேவுக்குப் பெண் பிறந்தது. வீட்டுக்கு வந்த மறுநாள் காலை மிர்தேவுக்குப் போன் செய்தாள். யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போலக் குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"இடது கெண்டைக்கால் வலிக்குது. கொஞ்சம் வீங்கியிருக்கு. யாருகிட்டயும் சொல்லல. ஒண்ணுமிருக்காது. உங்கிட்டச் சும்மா..."

"போன வெச்சுட்டு டாக்டருக்கு அடி. உன் புருஷன எழுப்பு. நான் கிளம்பிட்டேன்."

காஸ்பரை ஸ்டைனின் கையில் திணித்துவிட்டு அவள் சைக்கிளை எடுத்தாள். மருத்துவமனையில் கெண்டைக்காலை அழுத்திப் பார்த்து, கருவி வைத்துப் பார்த்து, இரத்தம் எங்கும் உறையவில்லை, சதைப் பிடிப்புதான் என்று அனுப்பிவைத்தார்கள். இருவரும் கீழே உணவகத்தில் உட்கார்ந்தார்கள். நீன்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மிர்தே இன்னும் பழக்கத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து.

"வீணா உன்ன ஓட வெச்சுட்டேன்," என்றாள் நீன்கே.

"ஆமா," என்றாள் மிர்தே. "எனக்கு ஒரு சூப் வாங்கிக் குடு."